ஆறாவது பாடியைக் கழற்றலாமா? குழாயில் படியும் உப்பும் மாற்று இயந்திரமும்

கொள்ளிடக்கரை:
அனைவருக்கும் வணக்கம். தஞ்சை மாவட்டத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் பாய்லிங் ஹவுஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். சாற்றைக் கொதிக்கவைத்துக் கெட்டியாக்கும் எங்கள் எவாப்பரேட்டர் வரிசையில் ஐந்து பாடிகள், அதாவது உள்ளே குழாய்கள் கொண்ட பெரிய கலன்கள், ஓடும். ஆறாவது மாற்றாக நிற்கும். ஒன்றைக் கழுவ வெளியே எடுத்தால் ஆறாவது அந்த இடத்துக்கு வரும், அரவை நிற்காது. இப்போது அரவை முடிந்து பராமரிப்பு நடக்கிறது. ஆறாவது பாடியின் வால்வுகளையும், நீராவி குளிர்ந்த நீரை வெளியேற்றும் கண்டென்சேட் பம்பையும் கழற்றி மற்ற ஐந்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மேலே பேச்சு எழுந்திருக்கிறது. பருவத்தில் பாதி நாள் சும்மா நின்ற இயந்திரத்துக்கு எதற்கு நல்ல வால்வு என்பது அவர்கள் கேள்வி.

எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அரவை தடைப்பட்டால் கரும்பு வண்டிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கும். வெட்டிய கரும்பில் காத்திருக்கக் காத்திருக்கச் சர்க்கரை இறங்கும். ஆனால் கூட்டத்தில் ஆதங்கம் எடுபடாது. காரணமும் கணக்கும் வேண்டும். தெளிந்த சாறு சுமார் 15 பிரிக்ஸில் (100 கிலோவில் 15 கிலோ கரைந்த திடப்பொருள்) உள்ளே வருகிறது, பாகு 60 பிரிக்ஸில் வெளியேறுகிறது. 100 கிலோ சாற்றில் 75 கிலோ தண்ணீர் ஆவியாகிறது. அந்தத் தண்ணீர் விட்டுச் செல்வதுதான் குழாய்களில் பிடிக்கிறது. இந்தப் படிவு எவ்வளவு தூரம் தவிர்க்க முடியாதது? அதற்கு மாற்றுப் பாடிதான் விடையா?

குடந்தை வேதியியல்:
தம்பி, அடிப்படையிலிருந்து தொடங்குங்கள், கூட்டத்தில் அது உதவும். நன்றாகக் கரையும் உப்பு ஆலைக்குத் தொல்லை தராது, தண்ணீரோடு போய்விடும். அறவே கரையாதது வடிகட்டியிலோ தெளிப்புத் தொட்டியிலோ நின்றுவிடும். நடுவில் இருக்கும் சொற்ப அளவில் கரையும் உப்புகள்தான் வடிகட்டியைத் தெளிவான நீராகக் கடந்து, உள்ளே போன பிறகு திடப்பொருளாகின்றன.

உங்கள் சாற்றுக்கு நீங்களே சுண்ணாம்பும் கந்தகப் புகையும் சேர்க்கிறீர்கள். கால்சியம் சல்பைட் வீழ்படிவாகி அழுக்கை இழுத்துக்கொண்டு அடியில் தங்குகிறது. முழுவதும் தங்குவதில்லை. கொஞ்சம் கரைந்தபடியே போகிறது, அதில் ஒரு பகுதி காற்றுப் பட்டுச் சல்பேட்டாகிறது. ஜிப்சம் என்னும் இந்தக் கால்சியம் சல்பேட் 25 டிகிரி வெப்பத்தில் லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 2 கிராம் கரையும். கால்சியம் கார்பனேட் தூய நீரில் 14 மில்லிகிராம் அளவுதான். சர்க்கரைச் சாற்றில் இந்த எண்கள் மாறும் என்றாலும் போக்கு அதுவே. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் வரும் கரைதிறன் பெருக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கால்சியம் அயனியின் செறிவையும் சல்பேட் அயனியின் செறிவையும் பெருக்கி வரும் எண் ஒரு வரம்பைத் தாண்டினால் உப்பு விழுந்தே ஆக வேண்டும். சாறு நான்கு மடங்கு கெட்டியாகும்போது இரண்டு அயனிகளின் செறிவும் நான்கு மடங்குக்குக் குறையாமல் ஏறும்; பெருக்கல் பதினாறு மடங்கைத் தாண்டிவிடும். சாற்றைக் கெட்டியாக்கும் வேலை இருக்கும்வரை படிவும் இருக்கும்.

இன்னொன்று. சர்க்கரையும் சாப்பாட்டு உப்பும் சூட்டில் அதிகம் கரையும். ஜிப்சம் சுமார் 40 டிகிரி வரை அப்படி இருந்துவிட்டு, அதற்கு மேல் சூடேறினால் குறைவாகக் கரைகிறது. சுண்ணாம்பு இன்னும் மோசம்: 20 டிகிரியில் லிட்டருக்கு 1.7 கிராம், கொதிநிலையில் அதில் பாதிகூட இல்லை. சூடான குழாய்ச் சுவரில் இவை ஒட்டுவதற்குக் காரணம் இதுதான். எங்கே வெப்பம் கடக்க வேண்டுமோ அங்கேயே போய் உட்கார்ந்து வெப்பத்தை மறிக்கின்றன.

ஆடுதுறை மாணவன்:
அம்மா, ஒரு சந்தேகம். முதல் பாடியில் சாறு 110 டிகிரிக்கு மேல் இருக்கும், கடைசிப் பாடி வெற்றிடத்தில் 55, 60 டிகிரியில் கொதிக்கும் என்று படித்திருக்கிறேன். சூட்டில்தான் ஜிப்சம் விழும் என்றால் முதல் பாடியில்தானே அதிகம் பிடிக்க வேண்டும்? பயிற்சிக்குப் போன ஆலையில் கடைசி இரண்டு பாடிகளில்தான் குழாய் கல்லாக இருந்தது.

குடந்தை வேதியியல்:
நல்ல கேள்வி. வெப்பம் ஒரு பக்கம் இழுக்கிறது, செறிவு மறுபக்கம் இழுக்கிறது. கடைசிப் பாடியில் செறிவு வென்றுவிடுகிறது. அதோடு அங்கே சிலிக்காவும் சேர்ந்துகொள்கிறது. கரும்பு மண்ணிலிருந்து சிலிக்காவை நிறையவே எடுக்கும் பயிர். படிக உருவற்ற சிலிக்கா 25 டிகிரியில் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும். 100 டிகிரியில் அதைப்போல் மூன்று மடங்கு. ஆகவே முதல் பாடியில் நிம்மதியாகக் கரைந்திருந்த சிலிக்கா, கடைசிப் பாடியின் குளிர்ச்சியிலும் கெட்டியிலும் வெளியே வருகிறது. முதல் பாடிகளில் பாஸ்பேட்டும் கரிமப் பொருள்களும், பின்னால் சிலிக்காவும் சல்பேட்டும் ஆக்ஸலேட்டும் என்று படிவின் தன்மை பாடிக்குப் பாடி மாறும். கழுவும் மருந்தும் அதற்கேற்ப மாற வேண்டும்.

அகத்தியம்பள்ளி:
வேதாரண்யம் பக்கம் உப்பளம் வைத்திருக்கிறோம். ஆலை அனுபவம் எனக்கு இல்லை, ஆனால் நீங்கள் பேசும் ஜிப்சத்தோடுதான் ஆண்டு முழுவதும் வாழ்கிறோம். கடல் தண்ணீர் பாத்தி பாத்தியாக இறங்கி வெயிலில் கெட்டியாகும்போது முதலில் சுண்ணாம்புப் பொருள் விழும். நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே மானியில் 15 அளவைத் தாண்டும்போது ஜிப்சம் விழத் தொடங்கியிருக்கும். 25ஐ எட்டினால்தான் உப்பு. 29, 30க்கு முன் எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். இல்லையென்றால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும்.

நாங்கள் ஜிப்சம் விழுவதைத் தடுக்க முயல்வதில்லை, முயன்றாலும் முடியாது. அது விழ வேண்டிய இடத்தை நாங்கள் தீர்மானிக்கிறோம். நடுப் பாத்திகளில் போதுமான நேரம் நீரை நிறுத்தினால் அங்கேயே இறங்கிவிடும், விளையும் பாத்திக்குச் சுத்தமான நீர் போகும். நடுப் பாத்தியில் அவசரப்பட்டால் உப்பில் ஜிப்சம் கலந்து விலை போகாது. உங்கள் தெளிப்புத் தொட்டியில் சாறு போதுமான நேரம் நிற்கிறதா என்று பாருங்கள்.

மன்னை அரிசி ஆலை:
நான் எதிர்க்கட்சியாகவே பேசுகிறேன். மாற்று இயந்திரம் இருக்கும் இடத்தில் ஒழுங்கு தளர்கிறது. இன்னொன்று இருக்கிறதே என்ற நினைப்பில் தண்ணீரைச் சோதிப்பதில்லை, சுண்ணாம்பின் அளவைப் பார்ப்பதில்லை. என்னுடைய புழுங்கல் அரிசி ஆலையில் உமியில் எரியும் ஒரே ஒரு பாய்லர். இரண்டாவது பாய்லர் வாங்க எனக்கு வசதி கிடையாது. அதனாலேயே தண்ணீரை விடுவதில்லை.

என் கணக்கைப் பாருங்கள். போர் தண்ணீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். குடிநீருக்கான இந்தியத் தர விதியில் 200 ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை அனுமதி உண்டு. ஆக 300 என்பது குடிக்கலாம் என்று சொல்லும் தண்ணீர்தான். மணிக்கு 2 டன் நீராவி, 10 மணி நேரம் ஓட்டம், 20 டன் தண்ணீர். அதில் வருவது 6 கிலோ. ஒரு நாளில் 6 கிலோ கல் பாய்லருக்குள் போகிறது. அடிநீரைத் திறந்துவிட்டால் ஒரு பங்கு வெளியேறும், மிச்சம் குழாயில். கார்பன் எஃகின் வெப்பக் கடத்தல் எண் சுமார் 50. இந்தப் படிவுக்கு 2 என்று வைத்தால், 1 மில்லிமீட்டர் படிவு 25 மில்லிமீட்டர் எஃகுத் தகடு போல வெப்பத்தை மறிக்கும். உமி கூடுதலாக எரியும் என்பது சிறிய நட்டம். குழாய் குளிர வழியில்லாமல் சூடேறிப் புடைப்பது பெரிய ஆபத்து, உயிர் போகும் விஷயம்.

அதனால் பிசின் வைத்த மென்னீராக்கி போட்டேன். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு சோதனைக் குழாயில் நிறம் பார்த்துவிட்டுத்தான் பாய்லருக்குத் தண்ணீர். பாய்லர் நீரில் கடினத்தன்மை ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆறாவது பாடிக்கு ஆகும் செலவைச் சாறு சுத்திகரிப்பில் போடுங்கள் என்பது என் கருத்து.

கொள்ளிடக்கரை:
அண்ணா, உங்கள் ஆலையில் அது முழுமையான தீர்வு. தண்ணீரை உள்ளே போவதற்கு முன்பே மென்மையாக்கிவிடலாம். என்னிடம் வருவது சாறு. அதில் கால்சியத்தை நாங்களே போடுகிறோம், போடாமல் சாறு தெளியாது. காரகாடித்தன்மை (pH) 7ஐ ஒட்டி நிற்கும்படி சுண்ணாம்பையும் புகையையும் பிடித்துவைத்தால் படிவு குறையும், இல்லாமற்போகாது. நீங்கள் சொன்ன தளர்ச்சி உண்மையான அபாயம், அதை மறுக்கவில்லை.

பழைய பிட்டர்:
ஓய்வு பெற்றுத் திருவையாறு பக்கம் இருக்கிறேன். சர்க்கரை ஆலையில் பாடிகளோடும் பம்புகளோடும் காலம் கழித்தவன். மன்னை ஆலைக்காரர் சொல்வதில் பாதி சரி. மாற்று இயந்திரம் இருப்பது ஒன்று, அது தயாராக இருப்பது வேறு. பெரும்பாலான ஆலைகளில் மாற்று என்று நிற்பவை பெயரளவில்தான் நிற்கின்றன.

பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்திலிருந்து வெளியே எடுத்ததும் சாற்றை முழுக்க வடிக்க வேண்டும், தண்ணீர் விட்டு அலச வேண்டும், அன்றே கழுவ வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் ஈரமாக இருந்த படிவு காய்ந்து இறுகும். ஈரத்தில் காரம் கரைக்கிற படிவைக் காய்ந்த பிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், சுரண்டும் கருவி குழாயின் சுவரைத் தின்னும். அடியில் கொஞ்சம் சாறு தேங்கினாலும் புளித்து அமிலமாகும், எஃகை அரிக்கும்.

பம்புகள் இன்னும் நுட்பமானவை. சுண்ணாம்புக் கரைசல் பம்பு இரண்டு இருக்கும், ஒன்று ஓடும், ஒன்று நிற்கும். நிற்பதன் வயிற்றில் கரைசலை விட்டுவைத்தால் அது அடியில் இறங்கிக் கட்டியாகி, உள்ளே சுழலும் சக்கரமான இம்பெல்லரைப் பிடித்துக்கொள்ளும். தேவைப்படும் நேரத்தில் மோட்டாரைப் போட்டால் சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் சாவி உடையும் அல்லது மோட்டார் புகையும். நிறுத்திய உடனே பச்சைத் தண்ணீர் விட்டுக் கழுவி வடித்துவிட வேண்டும். வெந்நீர் வேண்டாம், ஏன் என்று ஆசிரியை அம்மா மேலேயே சொல்லிவிட்டார். கட்டி பிடித்துவிட்டால் நீர்த்த இனிப்பு நீரை ஊற்றி ஊறவிடுங்கள். சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு வெறும் நீரைவிட நன்றாகக் கரையும்.

பக்கத்துப் பம்பு ஓடும்போது தரையதிர்வு நிற்கும் பம்பின் பேரிங்குக்கும் வரும். உருளைகள் ஒரே இடத்தில் அமர்ந்து அதிர்ந்தால் வளையத்தில் பள்ளம் விழும். வாரம் ஒருமுறை தண்டைக் கையால் ஒன்றேகால் சுற்று சுற்றிவிடுங்கள். முழுச் சுற்று சுற்றினால் பழைய இடத்துக்கே வந்து உட்காரும், அந்தக் கால் சுற்றுதான் முக்கியம். டெலிவரி பக்கத்துத் திரும்பாத வால்வையும் பாருங்கள். அதன் இருக்கையில் பொருக்கு ஒட்டினால் முழுவதும் மூடாது, ஓடும் பம்பின் அழுத்தத்தில் நிற்கும் பம்பு பின்னோக்கிச் சுற்றும். அந்த நிலையில் சுவிட்சைப் போடுவது பெரிய ஆபத்து.

நரிமணம்:
எண்ணெய்த் துறையிலிருந்து ஒரு செய்தி. தம்பி கணக்கு கேட்டார், அதையே தருகிறேன், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது.

ஒரு பம்பு 100 மணி நேரத்தில் 95 மணி நேரம் ஓடத் தகுதியாக இருக்கும் என்போம். அதேபோல் இன்னொன்று மாற்றாக நின்றால், இரண்டும் ஒரே நேரத்தில் படுக்கும் வாய்ப்பு 5 விழுக்காட்டில் 5 விழுக்காடு, அதாவது கால் விழுக்காடு. ஆக 99.75 விழுக்காடு நேரம் வேலை நடக்கும். மேலாளர்களுக்கு இந்த எண் பிடிக்கும். ஆனால் இந்தப் பெருக்கல் ஒரு நிபந்தனையில்தான் செல்லும்: ஒன்று கெடுவதற்கும் மற்றது கெடுவதற்கும் தொடர்பு இருக்கக் கூடாது. படிவு அந்த நிபந்தனையையே உடைக்கிறது. இரண்டு பம்புகளும் ஒரே தண்ணீரை இழுத்து, இரண்டையும் ஒரே நாளில் ஓட்டத் தொடங்கி, சமமான மணி நேரம் மாற்றி மாற்றி ஓட்டினால், இரண்டின் குழாயும் ஒரே வாரத்தில் அடைபடும். காகிதத்தில் இருந்த 99.75 காணாமல் போகும்.

அதனால்தான் மாற்றை முழுச் சுத்தத்தில் வைப்பதும், ஓட்ட நேரத்தை வேண்டுமென்றே ஏற்றத்தாழ்வாக வைப்பதும் அவசியம் என்கிறேன். ஒன்றை மூன்று பங்கு, மற்றதை ஒரு பங்கு ஓட்டுங்கள்.

எங்கள் துறையில் பேரியம் சல்பேட் என்றொரு உப்பு உண்டு. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் கரையும். அது கரையாதது என்பதாலும் கனமானது என்பதாலும் துளையிடும் சேற்றில் நாங்களே கலக்கிறோம். அதே உப்பு, பேரியம் உள்ள நிலத்தடி நீரும் சல்பேட் உள்ள கடல் நீரும் கிணற்றுக்குள் சந்தித்தால் தானாகவே உருவாகிக் குழாயை அடைக்கும். அமிலத்துக்கு அசையாது. அங்கே மாற்றுப் பம்பு பயன் தராது, இரண்டு நீரையும் சந்திக்கவிடாமல் வைப்பதே வழி. எந்த உப்பு என்று தெரியாமல் மாற்று இயந்திரம் வேண்டுமா வேண்டாமா என்று பேச முடியாது.

மன்னை அரிசி ஆலை:
நரிமணத்தார் சொன்ன நிபந்தனையை ஏற்கிறேன். அப்படியானால் ஆறாவது பாடியின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அது எதிர்பாராத பழுதுக்கு அல்ல, எதிர்பார்த்த கழுவலுக்கு. படிவு பிடிக்கும் என்று தெரிந்தே, எந்தப் பாடி எப்போது வெளியே வரும் என்று முன்கூட்டித் திட்டமிட்டுச் சுழற்றுகிறார்கள். அதைச் சும்மா நிற்கும் இயந்திரம் என்று சொல்வது தவறு. அரிசி ஆலையில் மென்னீராக்கிக்கு நான் இரண்டு கலன் வைத்திருப்பதும் இதற்காகத்தான். ஒன்றில் பிசின் தீர்ந்து உப்பு நீர் விட்டுப் புதுப்பிக்கும்போது மற்றது ஓடுகிறது. என் முந்தைய கருத்தை இந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன். சுத்திகரிப்பில் பணம் போடுங்கள் என்பதை மட்டும் விடமாட்டேன்.

குடந்தை வேதியியல்:
கழுவும் முறையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஜிப்சத்தின் மேல் நேரே அமிலம் ஊற்றினால் மெல்லத்தான் கரையும், அமிலம் வீணாகும். முதலில் சலவை சோடாவை வெந்நீரில் கரைத்துக் கொதிக்கவிட வேண்டும். கால்சியம் கார்பனேட் ஜிப்சத்தைவிடப் பல மடங்கு குறைவாகக் கரைவது என்பதால், கால்சியம் சல்பேட்டை விட்டுக் கார்பனேட்டோடு சேரும். குழாயில் இருந்த கல் மாறாதது போலத் தெரியும், உள்ளே பொருளே மாறிவிட்டிருக்கும். அலசிவிட்டு அமிலம் விட்டால் நுரைத்துக் கரையும். சிலிக்காவுக்கு அமிலம் பயன்படாது, சூடான காஸ்டிக் சோடாதான். துருப்பிடிக்காத எஃகுக் குழாய் என்றால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தவிர்த்துவிடுங்கள். குளோரைடு அந்த எஃகில் புள்ளி புள்ளியாகத் துளை போடும். சல்பாமிக் அமிலம் மேல்.

ஓர் எச்சரிக்கை. கார்பனேட்டின் மேல் அமிலம் பட்டால் கரியமில வாயு வரும். சல்பைட் கலந்த படிவாக இருந்தால் கந்தக டைஆக்சைடும் வரும். இரண்டும் காற்றைவிடக் கனமானவை, பாடியின் அடியில் தேங்கும்.

பழைய பிட்டர்:
அம்மா சொன்னதை ஒட்டி ஒன்று எழுத வேண்டும், இதை எழுதாமல் இந்த இழையை விட்டுப் போக மாட்டேன். ஐந்து பாடிகள் ஓடிக்கொண்டிருக்க, ஆறாவதற்குள் ஆள் இறங்குகிறார். அவரையும் பக்கத்துப் பாடியின் நீராவியையும் பிரிப்பது ஒரு வால்வு. அந்த வால்வின் இருக்கையிலும் இதே உப்புதான் படிந்திருக்கிறது. சக்கரம் முழுக்கச் சுற்றியிருக்கும், இறுகியிருக்கும், உள்ளே முழுதாக மூடியிருக்காது. ஆகவே வால்வை நம்பி ஆளை இறக்காதீர்கள். நீராவி, சாறு, வேக்குவம், அமிலம் என எல்லா வழியிலும் குழாய்கள் இணையும் பிளாஞ்சைப் பிரித்துத் தகடு வைத்து அடைத்துவிட்டு, காற்று விசிறி ஓட்டி, வாயு அளந்து பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். வெளியே ஒருவர் அந்த வாயிலைவிட்டு நகரக் கூடாது. ஆறாவது பாடியின் வால்வைக் கழற்றி, தேய்ந்த பழைய வால்வை அங்கே மாட்டப் போகிறார்கள் என்றால், இதுதான் நீங்கள் கூட்டத்தில் முதலில் பேச வேண்டியது.

கொள்ளிடக்கரை:
ஐயா, அதையே முதல் பத்தியாக்கிவிட்டேன். பழைய வால்வுகளைத்தான் ஆறாவதில் மாட்டுவதாக இருந்தார்கள். குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: ஆறாவது பாடியின் வால்வு எதையும் மாற்றக் கூடாது. எல்லா வால்வுகளின் இருக்கையையும் இந்தப் பராமரிப்பிலேயே நீர் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். ஒவ்வோர் இணைப்புக்கும் அடைப்புத் தகடு செய்து, எண் பொறித்து, பாடியின் அருகிலேயே தொங்கவிட வேண்டும். கழுவும் சுழற்சி அட்டவணை அரவை தொடங்கும் முன் ஒட்டப்பட வேண்டும். தெளிப்புத் தொட்டியில் சாறு தங்கும் நேரத்தை அளக்க ஏற்பாடு வேண்டும், இது அகத்தியம்பள்ளியாருக்காக.

நரிமணம் அண்ணா, உங்கள் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தைச் சுண்ணாம்புப் பம்புகளுக்கு வைக்கிறேன். கண்டென்சேட் பம்புகளுக்கும் அதுவே பொருந்துமா? அங்கே படிவு குறைவு, தேய்மானம்தான் அதிகம்.

நரிமணம்:
பொருந்தும். ஆனால் அங்கே காரணம் பேரிங். அதிகம் ஓடிய பம்புக்குப் பேரிங் மாற்றும் நாளில் மற்றது புதிதாக இருக்கும். அதிர்வு அளவை மாதம் ஒருமுறை குறித்துவைத்துக்கொள்ளுங்கள், விகிதத்தை அதைப் பார்த்து மாற்றலாம்.